ஓய்வு நேரக் கணினிகள் ரகசியக் குறியீட்டை உடைக்கும் விதம்

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் முழுப் பட்டியலைப் பாருங்கள். ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக 90, 95, 98 என்று ஏதாவது ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பிராசசர் தன் நேரத்தில் அத்தனை சதவீதத்தை வேலை எதுவும் இல்லாமல் கழிக்கிறது என்று அர்த்தம். நாம் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாலும் இதே நிலைதான். ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் பிராசசர் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். போடச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்படி வீணாகும் நேரத்தை லட்சக்கணக்கான கணினிகளிலிருந்து திரட்டி, ஒரே ஒரு பெரிய கணக்குக்குக் கொடுத்தால் என்ன? இந்த யோசனையைத்தான் ‘பகிர்ந்த கணிப்பு’ என்கிறோம். வேற்றுக்கிரக வாசிகளின் சமிக்ஞையைத் தேடியது, புரதங்கள் மடிவதை ஆராய்ந்தது, மிகப்பெரிய பகா எண்களைக் கண்டுபிடித்தது என்று இதற்குப் பல முகங்கள் உண்டு. ரகசியக் குறியீடுகளை உடைக்கும் திட்டங்கள் இவற்றில் தனி ரகம். ஓர் அரசு ‘பாதுகாப்பானது’ என்று சொன்ன பூட்டு அப்படி இல்லை என்பதைச் சாதாரண மக்கள் தங்கள் வீட்டுக் கணினிகளைக் கொண்டே எல்லோர் கண்ணெதிரிலும் நிரூபித்தார்கள். அது எப்படி நடந்தது, இன்று அதில் எவ்வளவு சாத்தியம் என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பூட்டின் நீளம்

பயணப் பெட்டிகளில் மூன்று சக்கரங்கள் கொண்ட எண் பூட்டு இருக்கும். எண் மறந்துவிட்டால் 000, 001, 002 என்று வரிசையாகத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். அதிகபட்சம் 1,000 முயற்சி. பொறுமை இருந்தால் அரைமணி நேரத்தில் திறந்துவிடலாம். நாலாவதாக ஒரு சக்கரம் சேர்ந்தால் 10,000 முயற்சி ஆகிவிடும். பூட்டு கொஞ்சம்தான் பெரிதாகிறது, ஆனால் வேலை பத்து மடங்காகிறது.

கணினியில் ஒரு செய்தியை ரகசியமாக மாற்றுவதற்கும் இதே மாதிரி ஓர் எண் தேவை. அதைத்தான் சாவி என்கிறோம். அதன் நீளத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் 0, 1 என்று இரண்டே நிலைகள் என்பதால், ஒரு பிட் கூடினால் முயற்சிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 40 பிட் சாவி என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். 56 பிட் என்றால் சுமார் 720 கோடி கோடி. 64 பிட்டுக்குப் போனால் அதைப்போல 256 மடங்கு. இந்த இரட்டிப்பை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கதையும் இதற்குள் அடங்கிவிடும்.

எல்லாச் சாவிகளையும் ஒன்றுவிடாமல் முயன்று பார்ப்பதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லைதான். ஆனால் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு இதைவிட வாகான வேலை கிடையாது. 1 முதல் 1,000 வரை உங்களுக்கு, 1,001 முதல் 2,000 வரை எனக்கு என்று பிரித்துவிட்டால், அப்புறம் நாம் ஒருவரோடு ஒருவர் பேசவே வேண்டியதில்லை. என் வேலை முடிய உங்கள் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கணினி நடுவில் அணைந்துபோனால் உங்கள் பங்கை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். இணைய இணைப்பு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ‘இந்த எண்ணிலிருந்து தொடங்கு’ என்பதும் ‘இல்லை’ அல்லது ‘கிடைத்தது’ என்பதும்தான் போய்வரும் தகவல். தொலைபேசிக் கம்பி வழியே மோடம் போட்டு இணையத்துக்குப் போன காலத்தில்கூட இது ஓடியதற்குக் காரணம் இதுதான். வானிலைக் கணிப்பு போன்ற கணக்குகளை இப்படிப் பிரிக்க முடியாது. அங்கே ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் விடையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரியான சாவி என்று எப்படித் தெரியும்?

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோருக்கும் எழும் சந்தேகம் இது. பெட்டிப் பூட்டு என்றால் திறந்துகொள்ளும். இங்கே ஒரு தவறான சாவியைப் போட்டாலும் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும், அது வெறும் குப்பையாக இருக்கும். 720 கோடி கோடி விடைகளையும் மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து எது குப்பை, எது செய்தி என்று சொல்ல முடியாது.

1997 ஜனவரியில் ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் தன் பரிசுப் போட்டிகளை அறிவித்தபோது, இதற்கு எளிமையான வழி ஒன்றை வைத்திருந்தது. எந்தப் போட்டியாக இருந்தாலும், மறைக்கப்பட்ட செய்தி ‘தெரியாத அந்தச் செய்தி இதுதான்:’ என்ற பொருள் தரும் ஒரே ஆங்கிலத் தொடரோடுதான் தொடங்கும். இடைவெளிகளையும் சேர்த்து அதில் சரியாக 24 எழுத்துகள். போட்டியில் இருந்த குறியீட்டு முறைகள் செய்தியை எட்டெட்டு எழுத்துகளாக நறுக்கி மறைப்பவை. ஆகவே முதல் மூன்று துண்டுகளில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நாலாவது துண்டிலிருந்துதான் உண்மையான ரகசியம்.

இப்போது நம் கணினியின் வேலை இவ்வளவுதான்: ஒரு சாவியை எடு, முதல் துண்டை அவிழ்த்துப் பார், எதிர்பார்த்த எட்டு எழுத்துகள் வருகின்றனவா? இல்லையென்றால் அடுத்த சாவி. பொருந்தினால் அடுத்த துண்டுகளையும் பார்த்து உறுதி செய், மத்திய சர்வருக்குச் சொல். நிரலின் இந்தச் சிறு வளையத்தை வேகமாக்குவதற்காக ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனியாக அசெம்பிளி மொழியில் எழுதித் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஒரு சுற்றுக்கு ஓரிரு கட்டளைகளை மிச்சப்படுத்தினால்கூட, ஆயிரக்கணக்கான கணினிகளில் அது புதிதாகச் சில நூறு கணினிகள் வந்து சேர்ந்ததற்குச் சமம்.

1997: ஒரு தரநிலை விழுந்த வருடம்

அந்தப் போட்டிகளில் எல்லோரும் குறிவைத்தது டெஸ் என்ற குறியீட்டு முறையை. 1977 முதல் அமெரிக்க அரசின் அதிகாரபூர்வத் தரநிலை அது. வங்கிகளும் அதை நம்பியிருந்தன. சாவி நீளம் 56 பிட். இது போதாது என்று குறியீட்டியல் ஆய்வாளர்களான விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அது வெளியான காலத்திலேயே எச்சரித்தார்கள். ஆனாலும் இருபது வருடம் அது அசையவில்லை. போதாது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவது வேறு, செய்து காட்டுவது வேறு.

போட்டி அறிவித்த உடனேயே முதல் அடி விழுந்தது. 40 பிட் சாவியை, பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இயன் கோல்ட்பெர்க் சுமார் 250 கணினிகளைப் பயன்படுத்தி மூன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அவிழ்ந்த செய்தி, ‘நீளமான சாவியைப் பயன்படுத்த வேண்டும் என்பது இதனால்தான்’ என்றது. அப்போது அமெரிக்காவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தாராளமாக ஏற்றுமதி செய்ய அனுமதிக்கப்பட்டிருந்த குறியீட்டின் வலிமையே 40 பிட்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் செய்தியின் உறைப்பு புரியும்.

டெஸ் அவ்வளவு லேசாக மசியவில்லை. அந்தக் காலத்து 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கணினி நொடிக்குச் சுமார் 2,50,000 சாவிகளைச் சோதிக்கும். அப்படி ஒரு கணினி தனியாக உட்கார்ந்து எல்லாச் சாவிகளையும் முயன்றால் 9,000 வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் ராக் வெர்சர் என்ற நிரலாளர் தொடங்கிய ‘டெஸ்சால்’ திட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். உச்சத்தில் இருந்தபோது அந்தக் கூட்டம் நொடிக்கு 700 கோடி சாவிகளைச் சோதித்தது. 1997 ஜூன் மாதம், மொத்தச் சாவிகளில் கால்வாசியைத் தேடியிருந்த நிலையில் விடை கிடைத்தது. கண்டுபிடித்தது அதே 90 மெகாஹெர்ட்ஸ் ரகக் கணினிதான், 16 எம்பி நினைவகத்தோடு. இந்த முறையின் நியாயம் எனக்குப் பிடித்ததே இதனால்தான். எவருடைய கணினிக்கும் வெற்றி கிடைக்கலாம், வேகமான கணினிக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ‘வலிமையான குறியீட்டியல் உலகை மேலும் பாதுகாப்பான இடமாக்குகிறது’ என்று வந்தது அவிழ்ந்த செய்தி.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. குறியீட்டு நிரல்களை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருந்ததால், டெஸ்சால் தன் நிரலை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே கொடுக்கவில்லை. அதனால் ஐரோப்பாவில் வேறொரு குழு தனியாக அதே சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1997-இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் என்ற தன்னார்வ அமைப்பு அடுத்த டெஸ் போட்டியை 1998 பிப்ரவரியில் சுமார் 40 நாளில் முடித்தது. அதே வருடம் ஜூலையில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு, 2,50,000 டாலருக்கும் குறைவான செலவில், டெஸ்ஸை உடைப்பதற்கென்றே 1,800-க்கும் மேற்பட்ட சில்லுகள் கொண்ட ‘டீப் கிராக்’ என்ற இயந்திரத்தைக் கட்டி 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது. 1999 ஜனவரியில் அந்த இயந்திரமும் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட்டின் ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகளும் கைகோத்தன. விடை வர 22 மணி 15 நிமிடம் ஆனது. அதற்குமேல் டெஸ்ஸைப் பாதுகாப்பானது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஏஇஎஸ் என்ற புதிய தரநிலையை 2001-இல் அமெரிக்க அரசு அறிவித்தது. அதில் மிகச் சிறிய சாவியே 128 பிட். உங்கள் வங்கிச் செயலியும் வைஃபையும் இன்று அதைத்தான் நம்பியிருக்கின்றன.

பின்னணியில் என்ன நடக்கிறது?

நீங்கள் ஒரு சிறிய நிரலை நிறுவுகிறீர்கள். அது மத்திய சர்வரைத் தொடர்புகொண்டு ஒரு ‘வேலைத் துண்டு’ கேட்கும். ஆர்சி5 என்ற குறியீட்டுக்கான 72 பிட் தேடலில் ஒரு துண்டின் அடிப்படை அளவு 429 கோடியே சொச்சம் சாவிகள். எல்லாச் சாவிகளையும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை, தொடக்க எண் ஒன்று போதும். உங்கள் கணினி அதை முடித்ததும் விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லாத நேரத்துக்காக நாலைந்து துண்டுகளைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியும்.

நாம் வேலை செய்யும்போது கணினி திணறாதா என்று பலர் தயங்குவார்கள். இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முன்னுரிமை கொடுக்கிறது. இந்த நிரல்கள் இருப்பதிலேயே கடைசி முன்னுரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்பவை. நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் பிராசசர் இதைக் கீழே போட்டுவிட்டு உங்களைக் கவனிக்கும். உங்கள் வேலை முடிந்த அடுத்த கணமே இதற்குத் திரும்பும். பிராசசரைப் பொறுத்தவரை இது நன்றாகவே வேலை செய்கிறது. கிராபிக்ஸ் கார்டில் ஓடவிட்டால் மட்டும் திரை சற்றே திக்குவதுண்டு, ஏனென்றால் அங்கே வேலையை நினைத்த நொடியில் நிறுத்தி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

எனக்கு இதில் மிகவும் சுவாரசியமாகப் படுவது நம்பிக்கைப் பிரச்சினை. முன்பின் தெரியாத ஒருவருடைய கணினி, ‘என் பங்கு 429 கோடிச் சாவிகளையும் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை’ என்கிறது. உண்மையிலேயே பார்த்ததா? தரவரிசைப் பட்டியலில் மேலே வருவதற்காகப் பொய் சொல்லலாம். அளவுக்கு மீறி ஓவர்கிளாக் செய்த, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்ட பிராசசர் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். நிஜமான சாவி அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது என்றால் வருடக்கணக்கான தேடல் பாழ். ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடலாம், ஆனால் வேலை இரட்டிப்பாகிவிடும். 72 பிட் தேடலில் இதற்கு அழகான தீர்வு கண்டிருக்கிறார்கள். எட்டு எழுத்துத் துண்டு முழுதாகப் பொருந்தாவிட்டாலும், அதன் முதல் பாதி மட்டும் தற்செயலாகப் பொருந்தும் சாவிகள் இருக்கும். முதல் பாதி என்பது 32 பிட். ஆகவே சராசரியாக 429 கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை தட்டுப்படும். அப்படி எத்தனை வந்தன, கடைசியாக வந்தது எது என்பதையும் நிரல் குறித்து அனுப்புகிறது. வேலையைச் செய்யாமல் இந்த விவரத்தை ஊகித்து எழுத முடியாது. சந்தேகம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி ஓடவிட்டுச் சரிபார்த்துவிடலாம்.

நாலே முக்கால் வருடத் தேடல்

டெஸ்ஸுக்கு அடுத்து டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் கையில் எடுத்தது ஆர்சி5 குறியீட்டின் 64 பிட் சாவி. முந்தைய 56 பிட் ஆர்சி5 போட்டியை 1997 அக்டோபரில் முடித்த கையோடு இதைத் தொடங்கினார்கள். எட்டு பிட் கூடுதல் என்றால் 256 மடங்கு வேலை என்று தெரிந்தேதான் இறங்கினார்கள். 1,757 நாள் ஓடியது. 3,31,252 பேர் பங்கெடுத்தார்கள்.

2002 ஜூலை 14 அன்று டோக்கியோவில் இருந்த ஒரு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினி சரியான சாவியைத் திருப்பி அனுப்பியது. சர்வர் பக்கத்தில் ஒரு நிரல் பழுதானதால், அது வந்து சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 12 அன்றுதான் கவனித்தார்கள். அதுவரை உலகம் முழுக்கக் கணினிகள் ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன. அவிழ்ந்த செய்தியின் பொருள், ‘சில விஷயங்கள் படிக்கப்படாமல் இருப்பதே நல்லது’. 10,000 டாலர் பரிசின் பெரும்பகுதி, பங்கேற்றவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த லாபநோக்கற்ற அமைப்புக்குப் போனது.

அதே வருடம் டிசம்பரில் 72 பிட் தேடல் தொடங்கியது. பரிசு அறிவித்த நிறுவனம் 2007-இல் போட்டியையே நிறுத்திவிட்டது. தன்னார்வலர்கள் நிறுத்தவில்லை. இருபது வருடம் தாண்டியும், கிராபிக்ஸ் கார்டுகள் உதவிக்கு வந்த பிறகும், இன்னும் தேடாத பகுதிதான் மிக அதிகம். மொத்தம் 4.7 கோடி கோடி கோடிச் சாவிகள். 64 பிட்டுக்கு நாலே முக்கால் வருடம் ஆனது, அதன் 256 மடங்கு இது. கணினிகள் வேகமாகிக்கொண்டே வருவதால்தான் இந்தத் தேடலுக்கு ஒரு அர்த்தமாவது இருக்கிறது.

முரட்டுத் தேடல் மட்டுமல்ல

எல்லாக் குறியீடுகளையும் சாவி சாவியாகத்தான் தேட வேண்டும் என்றில்லை. ஆர்எஸ்ஏ என்ற முறையின் பாதுகாப்பு, ஒரு பெரிய எண்ணை அதன் இரண்டு பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதில் இருக்கிறது. 1977-இல் 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைச் சவாலாக வெளியிட்டார்கள். பரிசு 100 டாலர். அதைப் பிரிக்க 400 கோடி கோடி வருடம் ஆகும் என்று அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் ரிவெஸ்ட் அப்போது மதிப்பிட்டிருந்தார். 1994 ஏப்ரலில் அது உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள், 1,600 கணினிகள், எட்டு மாதம். பலர் வேலையை வாங்கியதும் விடையை அனுப்பியதும் மின்னஞ்சலில்தான். 17 வருடத்தில் கணினிகள் வேகமானது பாதிக் காரணம் என்றால், காரணிப்படுத்தும் கணித முறைகள் மேம்பட்டது மீதிப் பாதி.

அந்த வேலையிலும் ஒரு பகுதியை மட்டுமே ஊருக்குப் பங்கிட முடிந்தது. குறிப்பிட்ட பண்புள்ள எண்களைச் சல்லடை போட்டுச் சேகரிப்பது முதல் கட்டம். அதை யார் வேண்டுமானாலும் தனியாகச் செய்யலாம். சேகரித்ததையெல்லாம் ஒரு பிரம்மாண்டமான அணியாக அடுக்கித் தீர்ப்பது இரண்டாவது கட்டம். அதில் ஒவ்வொரு வரிசையும் மற்றதோடு பின்னிக்கிடக்கும். அதற்கு ஒரு சூப்பர் கணினிதான் தேவைப்பட்டது.

இந்த வகைத் திட்டங்களில் எதை முதலில் சொல்வேன் என்று கேட்டால், எனிக்மா திட்டத்தைத்தான் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கு சுழல் தட்டுகள் கொண்ட எம்4 எனிக்மா இயந்திரத்தால் செய்திகளை மறைத்து அனுப்பின. வட அட்லாண்டிக்கில் 1942-இல் இடைமறிக்கப்பட்ட மூன்று செய்திகள் அவிழ்க்கப்படாமலே இருந்தன. 1995-இல் ஒரு குறியீட்டியல் ஆய்விதழில் அவை வெளியாயின. ஸ்டீஃபன் கிரா என்ற ஜெர்மானியர் 2006 ஜனவரியில் ஒரு நிரல் எழுதி இணையத்தில் விட்டார்.

இங்கே, ‘தெரியாத அந்தச் செய்தி இதுதான்’ என்பதுபோலத் தெரிந்த தொடக்கம் எதுவும் கையில் இல்லை. அப்படியானால் சரியான விடையை எப்படி அடையாளம் காண்பது? மொழியைக் கொண்டுதான். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில எழுத்துகள் சேர்ந்தே வரும். அவிழ்த்துக் கிடைத்த எழுத்துக்கோவை ஜெர்மன் மொழிக்கு எவ்வளவு நெருக்கம் என்று நிரல் மதிப்பெண் போடும். சுழல் தட்டுகளின் அமைப்புகளை மட்டும் வரிசையாக முயலும். மீதமிருப்பது செருகு பலகை, அதாவது எழுத்துகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றும் கம்பி இணைப்புகள். அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மதிப்பெண் கூடினால் வைத்துக்கொண்டு, குறைந்தால் பழையபடி விட்டு, படிப்படியாக மேலே ஏறும். செருகு பலகையின் எல்லாச் சாத்தியங்களையும் முயல்வதென்றால் நடக்கிற காரியமில்லை. இந்தத் தந்திரம்தான் வேலையைக் கைக்கு அடக்கமாக்கியது.

2006 பிப்ரவரி 20 அன்று முதல் செய்தி அவிழ்ந்தது. யு-264 கப்பலின் தளபதி ஹார்ட்விக் லூக்ஸ் அனுப்பியது அது. தாக்குதலின்போது மூழ்க வேண்டியதாயிற்று, ஆழ்வெடிகள் வீசப்பட்டன, எதிரியைக் கடைசியாகக் கண்டது இந்த இடத்தில், பின்தொடர்ந்து செல்கிறேன் என்கிறது. அதோடு காற்றழுத்தமானி 14 மில்லிபார் இறங்குகிறது என்ற வானிலைக் குறிப்பும் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் எழுத்துக் குவியலாகக் கிடந்த ஒரு தாளிலிருந்து நடுக்கடலில் ஒரு மனிதர் பேசுவது கேட்கிறது. மார்ச் மாதம் இரண்டாவது செய்தியும் 2013-இல் மூன்றாவது செய்தியும் அவிழ்ந்தன.

எங்கே போய் நிற்கிறது?

‘இப்படியே ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஏஇஎஸ்ஸையும் உடைத்துவிடலாமே’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கோடிக் கணினிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 100 கோடிச் சாவிகள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 128 பிட் சாவிகள் முழுவதையும் தேடி முடிக்கச் சுமார் 10 லட்சம் கோடி வருடம் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருடம்தான். 56 பிட்டில் நம் பக்கம் இருந்த அதே இரட்டிப்புக் கணக்கு 128-இல் முழுக்கப் பூட்டின் பக்கம் போய்விடுகிறது. அதனால் நன்றாக வடிவமைத்த இன்றைய குறியீடுகளை இந்த வழியில் யாரும் உடைப்பதில்லை. உடைபடுவது பெரும்பாலும் மனிதர்கள் வைக்கும் கடவுச்சொற்கள்தான். எட்டு எழுத்தில் ஒரு பெயரும் பிறந்த வருடமும் வைத்தால், பின்னால் இருக்கும் குறியீடு 128 பிட்டாக இருந்து பயனில்லை. தேட வேண்டிய சாத்தியங்கள் சில கோடிகளுக்குள் சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘எப்படியும் வீணாகும் நேரம்தானே, இலவசம்தானே’ என்ற வாதம் 1990-களில் ஓரளவு சரி. அந்தக் காலத்து மேசைக்கணினிகள் பலவும் சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுத்தன. இன்றைய பிராசசர்கள் அப்படியில்லை. வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்து, சில பகுதிகளை அணைத்தே வைத்துவிடுகின்றன. முழு வேகத்தில் ஓடவிட்டால் மின் கட்டணத்தில் தெரியும், விசிறிச் சத்தத்திலும் தெரியும். ஆகவே நீங்கள் கொடுப்பது ஓய்வு நேரத்தை மட்டுமல்ல, மின்சாரத்தையும் சேர்த்துத்தான். நன்கொடை என்று தெரிந்தே கொடுங்கள். என்னைக் கேட்டால், 72 பிட் தேடல் புதிதாக எதையும் நிரூபிக்கப் போவதில்லை. அந்தச் செலவை நோய் ஆராய்ச்சிக்கோ, அவிழாத வரலாற்றுச் செய்திகளுக்கோ கொடுப்பேன்.

அனுமதி விஷயத்தில் கறாராக இருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, கல்லூரிக் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் நிரலை நிறுவியதற்காகக் குற்ற வழக்கையே சந்தித்தார். 2002-இல் அது அபராதத்தோடும் நன்னடத்தைக் காலத்தோடும் சமரசத்தில் முடிந்தது. சிறைத்தண்டனை அச்சத்தோடு அவர் வாழ்ந்த காலம் கொஞ்சமல்ல. தண்டனை அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். இருந்தாலும் அலுவலகக் கணினி, பள்ளிக் கணினி, நண்பரின் லேப்டாப் எதுவானாலும் உரியவரைக் கேட்காமல் நிறுவக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் கணினியில் நிரலை இறக்கிக் கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்களும் இதே தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம் சம்மதம் மட்டுமே. அதேபோல, திட்டம் எதை உடைக்கிறது என்பதையும் பாருங்கள். சவாலாக வெளியிட்ட செய்தியோ, பழைய ஆவணமோ என்றால் சரி. யாரோ ஒருவருடைய பூட்டிய கோப்பு என்றால் விலகிவிடுங்கள்.

சேர்ந்து பார்க்க விரும்பினால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பாயிங்க் என்ற இலவச மென்பொருள் நல்ல தொடக்கம். 1999-இல் தொடங்கி 2020 மார்ச் வரை தன்னார்வலர்களுக்கு வேலை அனுப்பிய, வேற்றுக்கிரக வாசிகளின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் கட்டியது இது. ஒரே நிரலுக்குள் பல திட்டங்களை இணைத்துக்கொள்ளலாம். மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவியதும் அமைப்புகளுக்குப் போய், பிராசசரில் பாதிக் கோர்களை மட்டும் பயன்படுத்து, நான் கணினியில் இருக்கும்போது நிறுத்திவை, பேட்டரியில் ஓடும்போது தொடாதே என்று மூன்றையும் குறித்துவிடுங்கள். லேப்டாப் என்றால் முதல் சில மணி நேரம் வெப்பநிலையைக் கவனியுங்கள். 85 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கோர்களின் எண்ணிக்கையை இன்னும் குறைக்க வேண்டும்.